மரமா, சூரியனா, கரியா?

சேர்வராயன் சரிதம் – 17

காக்பர்ன் துரையின் காப்பிச் செடி மலையேறிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த அவர் ஏற்காட்டில் ஊன்றிய பயிர், ஒரு தலைமுறைக்குள் சேர்வராயன் சரிவுகளில் வேர்பிடித்துப் பரவியது. தோட்டம் போட இடம் வேண்டும்; இடம் வேண்டுமென்றால் காடு விழ வேண்டும். இங்கே காப்பிக்காக விழுந்தது. வேறு மலைகளில் கப்பல் கட்டவும், பின்னாளில் ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை போடவும் விழுந்தது. மாகாணம் முழுக்கக் கோடரி ஓய்வில்லாமல் ஓடிய அந்த நாளில் ஒரு கேள்வி எழுந்தது: மரம் போனால் மழையும் போய்விடுமா?

பருவநிலை மாற்றம் என்று இன்று நாம் பேசும் அறிவியலுக்கு நம் பக்கத்தில் போட்ட பிள்ளையார்சுழி அது. அடுத்த 150 ஆண்டுகளில் அதற்கு மூன்று விடைகள் வந்தன. முதலில் மரத்தைச் சொன்னார்கள். பிறகு சூரியனைக் கைகாட்டினார்கள். கடைசியில் நிலக்கரியில் வந்து நின்றார்கள். முதல் இரண்டு விடைகளும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் அவற்றைச் சோதிக்கத் தொடங்கிய அலுவலகங்கள் தேறின. மூன்றாவது விடைக்குச் சாட்சி சொன்னவற்றில் அவை சேர்த்த கணக்கும் உண்டு.

கம்பெனி கேட்ட கேள்வி

1847-ல் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் குழு, மரங்களால் ஒரு நாட்டின் தட்பவெப்பமும் விளைச்சலும் எவ்வளவு மாறும் என்று விசாரித்து எழுதும்படி இந்தியாவுக்குக் கடிதம் அனுப்பியது. கம்பெனிக்குக் காட்டின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடவில்லை. மழை பொய்த்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் கிஸ்தி வராது. மழைக்கு மரம் காரணம் என்றால், மரமும் வருவாய்த் துறை விவகாரம்தான்.

சென்னையில் இதைக் கையிலெடுத்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். எழும்பூர் மியூசியம் என்று நாம் சொல்லும் அருங்காட்சியகத்தை 1851-ல் தொடங்கி வைத்தவர் இவரே. மழையை வரவழைப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் மரங்களுக்குள்ள பங்கு பற்றி 1849-ல் சென்னையின் இலக்கிய, அறிவியல் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மரம் அழிந்த நாட்டில் நீர் வற்றும், நீர் வற்றினால் பஞ்சமும் நோயும் வரும் என்பது அவர் வாதம். இந்தக் கருத்தின் வேர் தென் அமெரிக்காவில் இருந்தது. 1800-ல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி சுருங்கிவருவதைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், சுற்றுக் காடுகளை வெட்டியதே காரணம் என்று எழுதியிருந்தார். அது புத்தகங்கள் வழியாகக் கடல் தாண்டி வந்து, நம் ஏரிகளின் கரையில் நின்றது.

பால்ஃபரைப் போலவே மருத்துவரான ஹியூ கிளெகார்ன், வெப்ப நாடுகளில் காடழிவதன் விளைவு பற்றிய அறிக்கையைத் தயாரிப்பதில் முன்னின்றார். 1856-ல் அவர் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மலையில் காலங்காலமாகக் காட்டை எரித்துப் பயிரிட்டு வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது என்பது தனிக் கதை. அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

பால்ஃபர் சொன்னது சரியா? பாதி சரி. காடு மண்ணைப் பிடித்து வைக்கிறது. பெய்த மழையைச் சட்டென ஓடவிடாமல் உறிஞ்சி, கோடை வரை ஓடையில் கசியவிடுகிறது. இலை வழியே நீராவியைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. ஆனால் ஏற்காட்டுக்குப் பெய்யும் மழையின் பெரும்பங்கு கடலில் பிறந்தது. ஈரக்காற்று மலைமேல் மோதி ஏறும்போது குளிர்ந்து மேகமாகிக் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் என்று மலைக்குக் கிடைப்பது, அடிவாரத்துச் சேலத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. காட்டைவிட மலையின் உயரமே இதில் அதிகமாக வேலை செய்கிறது. இந்தியாவின் முதல் வானிலைத் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1887-ல் காடு–மழை உறவைப் புள்ளிவிவரத்தால் நிறுவப் பார்த்தார். அவருக்குப் பின் வந்த கில்பர்ட் வாக்கர் 1910-ல் பழைய பதிவுகளையெல்லாம் அலசிவிட்டு, இந்தியாவின் மழை நிரந்தரமாக மாறிவிட்டது என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தார். மரக் கட்சி பின்வாங்கியது. வனத்துறை நிலைத்தது.

தாது வருஷமும் சூரியப் புள்ளியும்

அதற்குள் ஒரு பேரழிவு வந்துபோயிருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று ஊர் வாயில் நிலைத்த 1876–78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் உருக்குலைந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கிய பழைய மாவட்டம் அது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த அதன் மக்கள்தொகை, 1881-ல் சுமார் 16 லட்சமாகிவிட்டது. செத்தவர்கள், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன பிள்ளைகள் எல்லாம் சேர்ந்த இறக்கம் அது. மழை பொய்த்தது வானத்தின் செயல். மக்கள் பட்டினி கிடக்கும்போதும் தானியம் கப்பலேறியது ஆட்சியின் செயல்.

பழியை வானத்தின் மேல் போட ஆட்சிக்கு ஒரு தேவை இருந்தது. வானம் ஏன் பொய்த்தது என்று அறிய அறிவியலுக்கும் ஒரு தேவை இருந்தது. இரண்டும் சேர்ந்து நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டின. 1792-ல் கட்டப்பட்ட சென்னை வானாய்வுக்கூடத்தில் 1813 முதல் மழைக் கணக்கு இருந்தது. இந்திய அரசின் புள்ளிவிவரத் தலைவரான டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் அதைச் சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு பொருத்திப் பார்த்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னைக்கு மழை குறைகிறது என்று அவருக்குத் தோன்றியது. 1877-ல், பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, நேச்சர் இதழின் ஆசிரியர் நார்மன் லாக்கியரோடு சேர்ந்து இதைப் பிரசுரித்தார். சூரியனைப் பார்த்துப் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஒரே ஊரின் ஆறு சுழற்சிகளை வைத்துக்கொண்டு நாட்டுக்கே ஆயுள் ஜாதகம் கணித்த மாதிரிதான். வேறு ஊர்களின் கணக்கைச் சேர்த்ததும் பொருத்தம் குலைந்தது. ஆனாலும் சூரியனைத் தினமும் கண்காணிக்க மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற முயற்சிக்கு இந்தப் பஞ்சமும் ஒரு தூண்டுகோல். பழனி மலை, நீலகிரி என்று இடம் தேடி, 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தை நிறுவினார்கள். அங்கே நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்துவருகிறார்கள்.

பஞ்சத்துக்கு ஓராண்டு முன்பே, 1875-ல், இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்திருந்தது. அதன் தலைவராக 1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். வானிலை படித்தவர் அல்ல. அது ஒருவகையில் நல்லதாயிற்று. சித்தாந்தம் எதையும் பிடித்துக்கொள்ளாமல், உலகெங்கும் உள்ள காற்றழுத்த, வெப்ப, மழைப் பதிவுகளை வரவழைத்து, எதற்கும் எதற்கும் உறவு என்று கணக்குப் போடச் சொன்னார். கணிப்பொறி இல்லாத காலம். அலுவலகக் குமாஸ்தாக்கள் ஆண்டுக்கணக்கில் கையால் பெருக்கியும் வகுத்தும் தாள் தாளாக நிரப்பினார்கள். இந்தியப் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறும்போது பசிபிக்கின் கிழக்கில் இறங்குகிறது, அங்கே ஏறும்போது இங்கே இறங்குகிறது என்ற உறவு அந்தத் தாள்களிலிருந்து வெளிப்பட்டது. தெற்கத்திய அலைவு என்று வாக்கர் அதற்குப் பெயர் வைத்தார். பெரு நாட்டுக் கரையில் கடல் சூடேறும் எல் நினோவும் இதுவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று யாக்கப் பியர்க்னெஸ் 1969-ல் காட்டினார். பின்னோக்கிப் பார்த்தபோது, பதிவில் உள்ள மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று 1877–78-ல் வந்தது என்று தெரிந்தது. தாது வருஷத்து வறட்சியின் முக்கிய முடிச்சு பசிபிக்கில் கிடந்தது.

வெள்ளைக்கல்லில் பூட்டிய காற்று

கொடைக்கானலில் ஆய்வுக்கூடம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஸ்டாக்ஹோமில் ஒருவர் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. காற்றுமண்டலம் பூமியின் வெப்பத்தைத் தக்கவைக்கிறது என்ற கருத்தை 1824-ல் பிரெஞ்சுக்காரர் ஃபூரியே சொன்னார். 1856-ல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் நெடுநேரம் பிடித்தது. 1859-ல் லண்டனில் ஜான் டிண்டல், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்தே காட்டினார். 1896-ல் ஸ்வாந்தே அர்ரேனியஸ், இந்த வாயு இரட்டிப்பானால் பூமி 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் என்று கணக்கிட்டார். வந்த விடை இன்றைய மதிப்பீட்டைவிட அதிகம். கணக்கின் அடிப்படை சரி.

இதில் சேர்வராயனுக்கு என்ன வேலை? அடிவாரத்துக்கு இறங்கி வாருங்கள். சேலத்துக்கும் மலைக்கும் நடுவே, மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வாங்கிக்கொடுத்த வெள்ளைக்கல் சுரங்கங்கள் கிடக்கின்றன. பூமிக்குள்ளிருந்து வந்த மெக்னீசியம் மிகுந்த கரும்பாறையோடு கரியமில வாயு கலந்த நீர் வினைபுரிந்து, வெடிப்புகளில் வெள்ளை நரம்பாக உறைந்ததுதான் இந்தக் கல். எடையில் பாதிக்குச் சற்று மேல் கரியமில வாயு: 84 கிலோ சுத்தமான மேக்னசைட்டில் 44 கிலோ. சூளையில் போட்டுச் சுட்டால் அந்த வாயு மறுபடி காற்றுக்குப் போய்விடும். மிஞ்சும் மெக்னீசியம் ஆக்சைடுதான் உருக்காலை உலைகளுக்குச் செங்கல்லாகிறது. அர்ரேனியஸின் காலத்திலேயே அமெரிக்கப் புவியியலாளர் டி. சி. சேம்பர்லின், பாறைகள் தேயும்போது காற்றின் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பூமி குளிர்கிறது என்று சொன்னார். அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் மெதுவான காரியம். கல் பூட்டிவைக்கும் வேகம் வேறு, மனிதன் திறந்துவிடும் வேகம் வேறு. சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வேகங்களின் வித்தியாசத்தில் இருக்கிறது.

அர்ரேனியஸை உலகம் உடனே ஏற்கவில்லை. நீராவியே எல்லா வெப்பத்தையும் உறிஞ்சிவிடுகிறது, கரியமில வாயு கூடினால் என்ன என்று 1900 முதல் பலரும் ஒதுக்கினார்கள். 1938-ல் நீராவிப் பொறியாளரான கை காலெண்டர், உலகின் 147 நிலையங்களின் வெப்பப் பதிவைக் கையால் கூட்டி, பூமி சூடேறிவருகிறது, காரணம் நிலக்கரி என்றார். அவரும் தொழில் அறியாத வெளியாள் என்றே பார்க்கப்பட்டார். 1950-களில்தான் முடிச்சு அவிழ்ந்தது. நிலக்கரி பல கோடி ஆண்டுப் பழசு. அதில் கதிரியக்கக் கார்பன் எப்போதோ தேய்ந்துபோயிருக்கும். காற்றில் அந்தக் கார்பனின் விகிதம் நீர்த்துவருவதை ஹான்ஸ் சூயெஸ் கண்டுபிடித்தார். கூடிய வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு அது கைரேகை. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

சூரியன் மீதான சந்தேகம் அப்போதும் முழுதாகத் தீரவில்லை. 1967-ல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணிப்பொறி மாதிரி ஒன்றில், கரியமில வாயு கூடினால் தரைப்பக்கம் சூடேறும், மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும் என்று காட்டினார்கள். சூரியன் குற்றவாளி என்றால் மேலும் கீழும் சேர்ந்தே சூடேற வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடு, மேலே குளிர். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கும் சூரிய ஒளியும் 11 ஆண்டுக்கு ஒருமுறை சற்றே ஏறி இறங்குகிறதே தவிர, பூமியின் வெப்பத்தோடு சேர்ந்து மேலே போகவில்லை. ஹன்டர் குற்றம் சாட்டிய சூரியன் விடுதலையானது.

இந்தக் கட்டத்தில் கதைக்குள் ஒரு தமிழ்நாட்டுக்காரர் நுழைகிறார். வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்தராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. சலித்துப்போய் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போனவர், 1975-ல் அதே வகை வாயுக்கள் – குளோரோஃபுளூரோகார்பன்கள் – மூலக்கூறுக்கு மூலக்கூறு கரியமில வாயுவைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிக்கின்றன என்று காட்டினார். பூமியைச் சூடாக்குவது ஒரே ஒரு வாயுவின் வேலையல்ல என்று உலகம் உணர அந்தக் கட்டுரை வழிவைத்தது. பின்னர், 1999-ல் இந்தியப் பெருங்கடல் மேல் நடந்த பன்னாட்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் அவரும் ஒருவர். தெற்காசியாவின் மேல் படர்ந்திருந்த பழுப்புப் புகைமண்டலம் அந்த ஆய்வில் தெளிவாக வரையறுக்கப்பட்டது. அந்தப் புகை சூரிய ஒளியை மறைத்து, சூடேற்றத்தின் ஒரு பகுதியை நம் கண்ணிலிருந்து ஒளித்தும் வைத்திருக்கிறது.

பால்ஃபரின் கேள்வியும் தலைகீழாகத் திரும்பி வந்தது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ரா. சுகுமாரும் சகாக்களும் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், வறட்சியில் புல்வெளி ஓங்கியிருந்தது. பிறகு ஈரம் கூடியபோது காட்டின் பக்கம் தராசு சாய்ந்தது. மரம் மழையை மாற்றுமா என்றார் பால்ஃபர். தட்பவெப்பம் மரத்தை மாற்றியதைத் தென்னாட்டு மலையே சொன்னது.

மலைக்கு என்ன கணக்கு?

2021-ல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு, மனிதச் செயலால் பூமி சூடேறியது ஐயத்துக்கு இடமில்லாதது என்று எழுதியது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியது, 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது என்பது 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீடு.

உலகக் கணக்கு தீர்ந்தது. மலைக் கணக்கு தீரவில்லை. உலக மாதிரிகள் பலவும் பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டம் 10,000 சதுர கிலோமீட்டர். சேர்வராயன் மொத்தமே சுமார் 400. அந்தக் கட்டத்துக்குள் சேலத்து வெயிலும் ஏற்காட்டுக் குளிரும் ஒரே எண்ணாகிவிடும். மலை காணாமல் போய்விடும்.

காப்பிக்காரருக்கோ இந்த நுணுக்கம்தான் பிழைப்பு. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் போலப் பூமழை விழ வேண்டும். உறங்கிக்கிடக்கும் மொட்டு நனைந்து, எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். சில வாரம் கழித்து இன்னொரு மழை கைகொடுத்தால் காய் பிடிக்கும். ஜனவரியிலேயே மழை வந்துவிட்டால் பூ முன்னும் பின்னுமாகப் பிரிந்துபோகும். பழமும் ஒன்றாகப் பழுக்காது. ஒரே செடிக்கு மூன்று தடவை ஆள் விட வேண்டியிருக்கும். அதனால்தான் காப்பித் தோட்டங்களில் மழைமானி ஒரு வழக்கமான சாமான். காலையில் புனலை எடுத்து, உள்ளே சேர்ந்த நீரைக் கண்ணாடி அளவுக்குழாயில் ஊற்றி, கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்து, ரைட்டர் நோட்டில் எழுதுவார்: ஓர் இஞ்சு இருபது சென்ட். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு சென்ட். மில்லிமீட்டர் வந்த பிறகும் இந்தப் பேச்சு தோட்டங்களில் மாறவில்லை.

அந்த நோட்டின் அருமை ஒரு வழக்கில் தெரியும். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புவி வெப்பம்தான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். வானிலை நிகழ்வுகளுக்குப் பொறுப்பாளி யார் என்று ஆராயும் பன்னாட்டு விஞ்ஞானிகள் பழைய மழைப் பதிவுகளையும் மாதிரிகளையும் ஒப்பிட்டு, அந்த மழையில் வெப்பமாதலின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். வங்கக்கடலின் மேற்குப் பகுதி எதிர்பார்த்த அளவு சூடேறாததற்குப் புகைமண்டலம் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வேறு பல இடங்களின் வெள்ளத்துக்கு இதே முறையில் ஆம் என்ற விடை வந்திருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணைச் சரித்தபோதும் அதே பேச்சு எழுந்தது. ஒரு டிகிரி சூடான காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். இந்த மலையில், இந்த நாளில், எவ்வளவு கூடியது என்பதற்கு இந்த மலையின் நீண்ட பதிவு வேண்டும்.

ஆகவே இங்கே செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஏற்காட்டுத் தோட்டங்களின் மழை நோட்டுகளைத் தேடித் திரட்டி, அங்குலத்தை மில்லிமீட்டராக்கி, மானி எங்கே நின்றது, எப்போது இடம் மாறியது என்ற விவரத்தோடு பொதுவில் வைக்க வேண்டும். வானிலைக் கருவிகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவரத் தன் வாழ்நாளைச் செலவிட்ட அன்னா மணி, தப்பான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்ற கண்டிப்போடு வேலை பார்த்தவராக அறியப்படுகிறார்; நோட்டைச் சேர்க்கும்போது அந்தக் கண்டிப்பும் வேண்டும். ஹன்டரின் சித்தாந்தம் போய்விட்டது, அவர் புரட்டிய நுங்கம்பாக்கத்துப் பதிவேடு இன்றும் பயன்படுகிறது. தோட்டத்து ரைட்டரின் நோட்டுக்கும் அந்த மரியாதை உண்டு.

(அடுத்த இதழில்: மலைமுகட்டுச் செம்மண்ணில் அலுமினியம் – பாக்சைட் சுரங்கங்களின் கதை)